பதினொன்றில் மாட்டிய எண்

க்ரோனிங்கன் கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்குவதும், போனதும் இறக்குவதும் ஃபென்னா வீர்ஸ்மாவின் வேலை. 1956 குளிர்காலத்தில் கால்வாய் உறைந்து படகே வரவில்லை. சும்மா இருக்கிற கையா அது! 15485863 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, அது பகா எண்தானா என்று வகுத்துப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். அவளிடமிருந்த பகா எண் அட்டவணை ஒரு கோடிச் சொச்சத்தோடு நின்றிருந்தது; அதைத் தாண்டிவிட வேண்டுமென்று வெறி. அதன் வர்க்கமூலமான 3935 வரை பார்த்தால் போதும்; அதுவரை உள்ள பகா எண்கள் 546. அத்தனையாலும் வகுத்தாள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மீதி நின்றது.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். எங்கள் ஊரில் எண் பைத்தியங்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. எல்லாரும் ஆண்கள், பாதிப் பேர் வாத்தியார்கள். அவள் சேரக் கேட்டபோது, எண்ணைச் சங்க இதழில் போடுவோம், உறுப்பினராகச் சேர்ப்பதை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். செயலாளர் போல்ஹாய்ஸிடம் தொலைபேசியில் எண்ணைச் சொன்னாள்; அவர் கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்துகொண்டார்.

இதழோடு, சங்கத்து மைண்டர்ஸ் வாத்தியாரின் அஞ்சலட்டையும் வந்தது. யானை நுழைந்ததை விட்டுவிட்டு எலிப்பொந்தை அடைத்திருக்கிறீர்கள், உங்கள் எண் பதினொன்றால் வகுபடுகிறது என்று எழுதியிருந்தார். இதழில் இருந்த எண்ணை வகுத்தாள், மீதியே இல்லை. நோட்டைப் புரட்டினாள், பதினொன்றுக்கு நேரே மீதி எட்டு. ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிட்டபோதுதான் வந்தது கோபம்: அவள் எண்ணில் 48 இருந்த இடத்தில் இதழில் 84.

கூட்டத்தில் போல்ஹாய்ஸைத் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்காரச் சொன்னாள். தொலைபேசியில் சொன்னபடியே இரண்டிரண்டு இலக்கமாக எண்ணைச் சொன்னாள். எங்கள் ஊர்ப் பேச்சில் நாற்பத்தெட்டு கிடையாது, 'எட்டும் நாற்பதும்'தான். கையால் எழுதினால் முன்னே இடம் விட்டு எட்டைப் போட்டு, பிறகு நாலை நுழைத்துக்கொள்வோம். இயந்திரத்தில் அது நடக்குமா? மற்ற இணைகளைத் திருப்பிப் போட்டுச் சமாளித்தவர், இதில் மட்டும் காதில் விழுந்தபடியே எட்டைத் தட்டினார், பிறகு நாலை. பாவம், மனுஷன் காதுவரை சிவந்துபோனார். மற்றவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

மைண்டர்ஸ் சிரிக்கவில்லை. அவள் நோட்டை வாங்கி வெகுநேரம் புரட்டினார்.

"நான் ஒரே ஒரு வகுத்தல்தாம்மா போட்டேன். போட்டுட்டு எவ்வளவு வாய் பேசிட்டேன்."

"இதுலயும் தப்பு இருக்கலாம் சார். முழுசாச் சரிபாத்துட்டு அப்புறம் சேத்துக்குங்க," என்றாள் ஃபென்னா.

"ஐந்நூத்து நாப்பத்தாறையும் நான் ஒத்தையா பாக்கவா? நீங்களும் பக்கத்துல உக்காரணும். உறுப்பினர் இல்லாதவங்களை இந்த மேசைல உக்கார விடமாட்டோமே," என்று சொல்லி, அவளைச் சேர்க்கும் ஓட்டெடுப்பை யாரும் அறிவிக்குமுன்னே அவர் கையைத் தூக்கினார்.