லண்டன் மூணு வருசம், அமெரிக்கா ஆறு

என் பேத்தி மலருக்கு டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு லண்டனிலும் இடம் கிடைத்தது, அமெரிக்காவிலும் கிடைத்தது. லண்டனில் மூன்று வருஷம், அமெரிக்காவில் ஆறு. நான் படிக்காதவன். அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவன். எங்கள் பட்டாபிராமில் படிப்பு இழுத்துக்கொண்டே போனால் அரியர் என்றுதான் அர்த்தம்.

"ஆறு வருசம் படிக்க நீ இன்னா பெயிலானவளா? லண்டனுக்கே போ" என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். ஏன் ஆறு வருஷம் என்று அப்போதுதான் கேட்டேன்.

"லண்டன்ல போனதுமே ஆராய்ச்சி தாத்தா. அமெரிக்காவுல மொதல்ல கிளாஸு, பரீட்சை. காலேஜ் பசங்களுக்குப் பாடமும் எடுக்கணும். எதை ஆராயறதுன்னு நிதானமா முடிவு பண்ணலாம்."

"உனுக்கு எது புடிச்சிகீது?"

"அமெரிக்காதான்."

"அப்பறம் ஏம்மா லண்டனுக்குத் தலய ஆட்டுன?"

கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "மூணு வருசம்னா, திரும்பி வரும்போது நீ இருப்ப."

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தேன்.

"அடிப்பாவி, எனுக்கு நாள் குறிச்சிகினியா? மரியாதையா அமெரிக்கா போ!" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் போனாள்.

இரண்டு வருஷம் ஆகிறது. "பேத்தி இன்னும் முடிக்கலயா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்.

"இன்னும் நாலு வருசம் கீது நைனா" என்கிறேன். சொல்லும்போது, அந்த நாலும் எனக்கும் சேர்த்துக் கொடுத்தது போலத்தான் இருக்கிறது.