செவ்வாய் வெள்ளிக் குழம்பு

சாப்பிட்டவர்கள் சமையல்காரரிடம் போய் எதையும் சொல்வதில்லை. கை கழுவி, ஈரத்தை வேட்டியில் துடைத்து, சோம்பை வாயில் போட்டுக்கொண்டு, கல்லாவில் இருப்பவனிடம்தான் சொல்வார்கள். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் மாமா நெய்னா முகம்மது நடத்திய ஓட்டலில் கல்லாவில் இருந்தவன் நான். பதில் சொல்லத் தெரியாதவன் என்பதால் என்னிடம் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்கள்.

"இந்தக் கறிக்குழம்புக்காகவே திருத்துறைப்பூண்டியிலேருந்து ஏதாவது ஒரு வேலையை உண்டாக்கிக்கிட்டு வர்றேன் தம்பி" என்பார் ஒருவர்.

அவருக்குப் பின்னால் நிற்பவர் இன்னொரு நாள், "வேதாரண்யத்து உப்பு பூரா இந்தக் குழம்புலதான் கெடக்கு போல" என்று சில்லறையை வாங்காமலே போவார்.

காய்கறி மண்டி இராஜாங்கம் எங்கள் குழம்பை ஊரெல்லாம் புகழ்ந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை நீடாமங்கலத்திலிருந்து தன் தங்கை புருஷனை அழைத்துவந்து உட்காரவைத்தார். வெள்ளிக்கிழமை என்பதால் அவருக்குச் சாம்பார் சாப்பாடு. மச்சானுக்கு மட்டும் கறி. மச்சான் நாலு வாய்க்கு மேல் தாங்கவில்லை.

"இதைத் தின்னவா என்னைப் பஸ் ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்தே? உன் தங்கச்சி சமையலே தேவலாம்."

"என் தங்கச்சியைக் கொறை சொல்லலைன்னா ஒனக்குச் சோறு எறங்காதே."

"நீயே ஒரு வாய் தின்னு பாரேன்."

"இன்னிக்கு வெள்ளிக்கெழமைடா."

மாமா பழியைக் கறிக்கடை மேல் போட்டார். கடையை மாற்றினார். மிளகாய்த்தூள் அரைக்கிற மில்லை மாற்றினார். பாராட்டும் நின்றுபோகவில்லை, திட்டும் நின்றுபோகவில்லை.

சமையல் மாஸ்டர் பக்கீர் முகம்மது உயரமானவர். உயரத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவர் போலக் கூன் போட்டு நிற்பார். சவூதியில், தம்மாமில் ஒரு தொழிலாளர் கேம்பில் சமைத்துவிட்டுத் திரும்பியவர். கடைசி இலை எடுத்ததும் சமையற்கட்டு வாசலுக்கு வந்து என்னைக் கேட்பார்:

"தம்பி, இன்னிக்கு யாரும் ஏதாவது சொன்னாங்களா?"

என் கண்ணைப் பார்க்க மாட்டார். வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நல்லா இருக்குதுன்னாங்க மாஸ்டர் என்றால் முகம் மலராது. "அது சரி. நேத்து சாப்பிட்டுப் போனவங்க யாராவது... வயித்தால போச்சு, வாந்தின்னு?" என்பார். இல்லை என்ற பிறகுதான் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார். குழம்பு எப்படி என்று கேட்கிற சமையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

கல்லாவில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும், நேரமும் நிறைய இருக்கும். குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் செவ்வாயிலும் வெள்ளியிலும் வந்தார்கள். இராஜாங்கத்தைப் போல அந்த நாட்களில் கறி தொடாதவர்கள் வருஷம் பூராவும் எங்களைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். அந்த இரண்டு நாட்களில் சமையற்கட்டிலும் ஒன்று குறைந்தது. பரிமாறுகிற முருகையன் மற்ற நாட்களில் பந்திக்கு முன்னால் உள்ளே போய், ஒரு கவளம் சோற்றில் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு வருவான். பசி தாங்காதவன் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனபோது கேட்டது.

"உப்பு இன்னும் அரைக்கை மாஸ்டர். புளிப்பு தூக்கலா இருக்கு, தேங்காப்பால் ஊத்துங்க."

மாஸ்டர் மறுபேச்சில்லாமல் உப்பை அள்ளினார். முருகையன் செவ்வாயும் வெள்ளியும் கறி சாப்பிடுவதில்லை.

சில நாள் கழித்து, யாரும் இல்லாதபோது, "முருகையன் சாப்பிடாத அன்னிக்குத்தான் குழம்பு மாறுது இல்லையா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. அவர் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் முழுசாக மூழ்கியது. அதை எடுக்காமல், பின்கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"தம்மாம்ல ஒரு காய்ச்சல் வந்துச்சு தம்பி. காய்ச்சல் போனப்ப வாசனையும் போயிடுச்சு. ருசியும் கூடவே போயிடுச்சு. மொளகா எரியறது மட்டும் தெரியும். சமையக்காரன் நாக்கு செத்துப்போச்சுன்னு யாருகிட்டப் போய்ச் சொல்றது? கைக்கணக்குலயே ஓட்டினேன்."

"அப்புறம்?"

"ஒருநாள் கறி கெட்டிருந்திருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், மூக்கு உள்ள எவனுக்கும். எனக்குத் தெரியலை. ரூம் பூரா சுருண்டு படுத்துட்டாங்க. காத்தான்னு ஒரு பையன், மாயவரத்துப் பக்கம். அவனை மட்டும் ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க. என்னை அடுத்த பிளைட்டுல ஏத்தி அனுப்பிட்டாங்க. அவன் பொழைச்சானா போனானா, இன்னிவரைக்கும் தெரியாது."

மாயவரத்திலிருந்து யார் சாப்பிட வந்தாலும் அவர் வாசல் வரை வந்து, உங்க பக்கம் தம்மாமுக்குப் போன காத்தானைத் தெரியுமா என்று ஏன் கேட்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. தெரியாது என்று அவர்கள் சொன்னதும் ஒருவித நிம்மதியோடு உள்ளே போய்விடுவார்.

"வீட்டுல தெரியுமா மாஸ்டர்?"

"கமருன்னிஸா தட்டை வெச்சுட்டு எப்படி இருக்குன்னு கேக்கும். நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன். என்னிக்காவது வேணும்னே உப்பில்லாம வெச்சுக் கேட்டுடுவாளோன்னு பயந்துக்கிட்டேதான் சாப்பிடறது. ஒங்க மாமாவுக்குத் தெரிஞ்சா இந்த அடுப்பும் போயிடும். மூக்கில்லாதவனை வேற எவன் வெச்சுக்குவான்? சொல்லிடாத தம்பி."

சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருடைய பயத்தில் பாதி எனக்கும் வந்துவிட்டது. இலையில் உட்கார்ந்து முதல் வாய் எடுக்கிறவரின் தொண்டையைக் கல்லாவிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன்.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். நோன்பும் கார்த்திகையும் ஏறக்குறைய ஒன்றாகப் பிறந்தன. நோன்பு மாதத்தில் வாசலுக்குக் குறுக்கே பச்சைத் துணி தொங்கும். மண்டிக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் துணியை விலக்கிக்கொண்டு வந்து சாப்பிட்டுப் போவார்கள். மாமா, நான், மாஸ்டர் மூவரும் நோன்பு. மாஸ்டருக்கு வருஷத்திலேயே பயம் குறைந்த மாதம் அதுதான். நோன்பாளியிடம் ருசி பார்த்தியா என்று யாரும் கேட்கப்போவதில்லை. முருகையன் இருக்கிறான்.

அந்தக் கார்த்திகை முதல் தேதி முருகையன் கறுப்பு வேட்டி, துளசி மாலையோடு வந்து நின்றான். மாஸ்டர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"முருகையா, என்னடா இது?"

"பொண்ணுக்கு வலிப்பு நிக்கணும்னு வேண்டுதல் மாஸ்டர். ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லணும்னு வந்தேன். வாய் வரலை."

"சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பீங்க?"

மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இல்லை சாமி" என்றார்.

மாலை போட்ட பிறகு முருகையன் கறிப் பாத்திரத்தின் பக்கமே வரவில்லை. இலை போட்டான், தண்ணீர் வைத்தான், சோறு வைத்தான். மாஸ்டர் குழம்பின் நிறத்தையும் கொதிக்கிற சத்தத்தையும் வைத்துச் சமைத்தார். உப்பைக் குறைத்தே போட்டுவிட்டு, மேசைக்கு மேசை உப்புக் கிண்ணம் வைத்தார். "ஆஸ்பத்திரிச் சாப்பாடா இது?" என்று கேட்டவர்களும் துணியைப் பார்த்ததும், "நோன்பு நேரம், பாய் ருசி பார்க்க மாட்டாரு" என்று தாங்களே சமாதானம் ஆனார்கள். உப்பில்லாத குழம்பால் யாரும் சாவதில்லை என்பதே மாஸ்டருக்குப் போதுமாக இருந்தது.

பிறகு மழை பிடித்தது. வேளாங்கண்ணிக்குப் போகிற ஒரு பஸ் கூட்டம் மதியத்துக்குக் கறிச்சாப்பாடு வேண்டும் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தது. மாமா அன்றைக்கே கறி வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தார். வைத்த கொஞ்ச நேரத்தில் கரெண்டு போனது. மறுநாள் விடிந்தும் வரவில்லை.

நான் போனபோது மாஸ்டர் சன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துண்டு கறி. அதை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு விரியும்வரை மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். கண் தெரியாதவர் விளக்கை முகத்தருகே பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. பிறகு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பிசுபிசுன்னு இருக்கா தம்பி, மழை ஈரமா?"

எனக்குத் தெரியவில்லை. நான் மோந்து பார்த்தேன். கறி வாசனை வந்தது. அது நல்ல கறியின் வாசனையா, கெட்டுக்கொண்டிருக்கும் கறியின் வாசனையா என்று சொல்லும் அளவுக்கு நான் எந்தக் கறியையும் மோந்ததில்லை. "மாமாகிட்ட வேற கறி கேப்போமா?" என்றேன்.

"ஏன்னு கேப்பாரே. கெட்டுப்போச்சான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

மஞ்சள் போட்டுக் கழுவி அடுப்பில் ஏற்றினார். ரோட்டில் தண்ணீர் நின்றதால் முருகையன் தாமதமாக நனைந்துகொண்டு வந்தான். வந்ததும் மாஸ்டர் அவனை உள்ளே இழுத்தார். "நாக்குல வேணாம் சாமி. மூக்கால மட்டும் பாரு."

முருகையன் மாலையை ஒரு கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எட்ட நின்று குனிந்தான். "பட்டை கிராம்புதான் தூக்குது மாஸ்டர். இதுல கறியைத் தனியா எப்படிச் சொல்றது?"

"நான் நாக்குல வெச்சுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று மாஸ்டர் அதட்டினார். அவர் அதட்டி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் மாமா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பக்கீர் அண்ணே, பள்ளிவாசல் ஹஜரத்துகிட்டயே கேட்டுட்டேன். சமைக்கிறவங்க நாக்கு நுனியில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடலாமாம். நோன்புக்கு ஒண்ணும் ஆகாதாம். இத்தனை நாள் சப்புன்னு போனது போதும். பஸ்ஸு நீடாமங்கலம் தாண்டிட்டுது. எங்கே, வையுங்க."

கரண்டியை அவரே எடுத்து நீட்டினார். மாஸ்டரின் அந்த மாதத்து மறைப்பு அந்தக் கரண்டியோடு முடிந்துபோனது. அவர் வாங்கி, ஊதி, நாக்கில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்தோம். மழைச்சத்தம் ஓட்டின் மேல் விடாமல் கேட்டது. பின்கதவுக்குப் போய்த் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார். அங்கேயே நின்றார்.

"எப்படி அண்ணே?"

நல்லா இருக்கு என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். வீட்டில் தினமும் சொல்கிற வார்த்தைதான். உதடு அசைந்ததைப் பார்த்தேன். வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அது வேறு பஸ்ஸாகவும் இருந்திருக்கலாம். மாஸ்டர் வந்து அடுப்பை அணைத்தார்.

"தெரியலை முதலாளி."

"என்ன தெரியலை? உப்பா?"

"எதுவுமே தெரியலை. எனக்குத் தெரியாது. இங்க வந்த நாள்லேருந்தே தெரியாது."

மாமா சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். "இதுல என்ன இருக்கு, நான் பாக்கறேன்" என்று கரண்டிக்குக் கை நீட்டினார். மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். முதலாளியின் கை என்பதே அவருக்கு அப்போது மறந்துபோயிருந்தது.

"வேணாம் முதலாளி. ராத்திரி பூரா கரெண்டு இல்லை. ஒரு தடவை இப்படித்தான்..." என்று தம்மாமைச் சொன்னார். காத்தானைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கையை விடவே இல்லை.

"அப்ப இத்தனை நாள் பாத்தது யாரு?"

"நான்தான் முதலாளி" என்றான் முருகையன், கறுப்பு வேட்டியில்.

மாமா அவனைப் பார்த்தார். அவன் மாலையைப் பார்த்தார். "செவ்வா, வெள்ளி..." என்று தனக்குள்ளே முணுமுணுத்தார். "அட பாவிகளா, நான் கறிக்கடையை இல்ல மாத்திக்கிட்டு இருந்தேன்!"

அண்டாவை மாமாவும் மாஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கொல்லைக் குழியில் கொட்டியபோது குழம்பின் மேல் மழை விழுந்து சிவப்பாகத் தெறித்தது.

"நல்லாவும் இருந்திருக்கலாம்" என்றார் மாஸ்டர்.

"இருந்திருக்கலாம்" என்றார் மாமா. மண்ணைத் தள்ளி மூடினார்.

பஸ் வந்ததும் மாமாவே துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். "கரெண்டு இல்லை, கறியை நம்ப முடியலை, கொட்டிட்டோம். சாம்பாரும் முட்டையும் இருக்கு." பாதிப் பேர் திரும்பி ஏறிக்கொண்டார்கள். மீதிப் பேர் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் உள்ளே ஒரு வாளித் தண்ணீரில் ஒவ்வொரு முட்டையாகப் போட்டு, மூழ்கியதை மட்டும் எடுத்து உடைத்தார். மிதந்ததைக் குழிப் பக்கம் எறிந்தார். கண்ணால் பார்க்க முடிந்த ஒன்று கிடைத்ததில் அவர் கை வேகமாக ஓடியது.

கல்லாவில் ஒருவர், "போன்ல கறின்னு சொல்லிட்டு முட்டையைப் போடறீங்களே, இதெல்லாம் ஒரு ஓட்டலா?" என்றார். அவர் பின்னால் நின்ற அம்மாள், "கொட்டிட்டேன்னு சொல்ற ஓட்டலை இன்னிக்குத்தாம்பா பாக்கறேன். வர்றப்பவும் இங்கேதான்" என்றாள்.

கடைசி இலை எடுத்ததும் மாஸ்டர் வாசலுக்கு வந்தார். "தம்பி, யாரும் ஏதாவது சொன்னாங்களா?"

இரண்டையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றிருந்த மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவரிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

நோன்பு திறக்கிற நேரம். மாஸ்டர் காய்ச்சிய கஞ்சியைச் சுற்றி உட்கார்ந்தோம். பாங்கு கேட்டது. மாமா பேரீச்சம்பழத்தை மென்று, தண்ணீர் குடித்துவிட்டு, கஞ்சியை ஒரு வாய் எடுத்தார். மாஸ்டர் கையில் பேரீச்சம்பழம் அப்படியே இருந்தது. மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு பத்தலை அண்ணே" என்றார் மாமா.

அந்தக் குரலில் கோபமா தயவா என்று எனக்குப் பிடிபடவில்லை. மாஸ்டருக்கும் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். எழுந்து ஓடினார். உப்பு டப்பாவோடு வந்து நின்று, "எவ்வளவு முதலாளி?" என்றார்.

"போடுங்க. நான் சொல்றேன்."

அவர் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். மாமா குடித்துப் பார்த்து, இன்னும் என்று தலையசைத்தார். அவர் இன்னொரு சிட்டிகை போட்டார். மற்றொரு கையில் பேரீச்சம்பழம் வியர்வையில் நசுங்கிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் நோன்பு திறக்கவில்லை.