நடுக்கூடத்து இடம்

செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருவில், கோலப் போட்டியானாலும் கட்டுரைப் போட்டியானாலும் தீர்ப்புச் சொல்ல என்னையே அழைப்பது வழக்கம். கலைக் கல்லூரியொன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். குடியிருப்போர் நலச் சங்கத்தின் மேடையில் எனக்கென்று கைவைத்த நாற்காலி ஒன்று உண்டு. அதில் வேறு எவரும் உட்காருவதில்லை. என் தீர்ப்பைக் கேட்டு முணுமுணுத்தவர்கள் இருக்கிறார்கள். அது ஒருதலைப்பட்சமானது என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. சென்ற கார்த்திகை தீபத்துக்கு முன்புவரை என் நிலை இதுதான் என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

ஐப்பசி மாதத்து மாலையொன்றில் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் பழக்கமுள்ளவர்.

"சார், இந்த வருஷம் வெறும் கோலம் மட்டும் வேணாம்னு எல்லாரும் சொல்றாங்க. கலைப் போட்டினு பொதுவா வெச்சுடலாம். யாருக்கு என்னா கலை தெரியுமோ அதைக் காட்டட்டும்."

நான் உடனே இசையவில்லை. கலை என்ற சொல்லை நம் ஊர் எவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறது என்பது எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து பால் வாங்கப் போய்வரும் வழியிலேயே அதைக் காணலாம். பேனர் அச்சடிக்கும் கடையின் பெயர்ப் பலகையில் 'ஆர்ட்ஸ்' என்று இருக்கிறது. புருவம் திருத்துமிடம் அழகுக் கலை நிலையம். ஆசிரமத்துப் பக்கத்தில் காபிக் கடைக்காரர் ஒருவர், வெளிநாட்டுப் பெண்மணி வரைந்த மலைப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, கடைக்குக் கலைக்கூடம் என்று பெயர் வைத்துவிட்டார். பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோவைப் பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு போகிறவரும், "இதெல்லாம் ஒரு கலை சார்" என்கிறார். இவ்வளவு ஏன், நானே முதுகலைப் பட்டதாரி. நேராக ஒரு கோடு போட எனக்கு வராது.

எங்கள் வீட்டிலோ அந்தச் சொல் ஏளனத்துக்கு உரியது. என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தவர். கரண்ட் போனால் நான் ஃபியூஸைத் தொடப் போவதற்குள், "வேணாங்க, நீங்க ஆர்ட்ஸ்" என்பார்.

ஆகவே போட்டிக்கு முன் ஒரு வரையறை வேண்டுமென்றேன். செயலாளர் தலையாட்டினார். அன்றிரவே எழுதிக் கொடுத்தேன்: "கலையென்பது பிறர் கண்டு மகிழும் பொருட்டுச் செய்யப்படுவது, அன்றாடத் தேவைக்காக மட்டும் செய்யப்படுவது வேலையெனப்படும், அது போட்டிக்கு உரியதன்று." அதை அச்சிட்டுத் தெருமுனைப் பலகையில் ஒட்டினார்கள். நன்றாகவே இருந்தது.

பெயர்கள் வந்தன. மூலை வீட்டு அத்தர்க் கடைக்காரரின் மனைவி மருதாணி இடுவதற்குப் பெயர் கொடுத்தார். அழகுக் கலை நிலையத்து அம்மாள், "எங்க போர்டுலயே கலைனு இருக்கு, எங்களுக்கு எதுக்குப் பரீட்சை?" என்று கேட்டதாகச் செய்தி வந்தது. கடைசியாக, செயலாளர் எப்போதையும்விடச் சற்று அதிகமாகச் சிரித்துக்கொண்டு வந்து ஒரு பெயரைச் சொன்னார். அது என் மனைவியின் பெயர். அவர் காட்ட விரும்பிய கலை: தீபத்துக்கு வரும் விருந்தாளிகளுக்குப் படுக்கை போடுவது.

இந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தீபம் வந்துவிட்டால் லாட்ஜில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் உறவினர்கள் அங்கே தங்கினால் நமக்கு அவமானம். வேலூர், ஆரணி, சென்னை என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேருவார்கள். ஒரு கூடமும் இரண்டு அறைகளும் உள்ள எங்கள் வீட்டில் அத்தனை பேரும் படுத்தாக வேண்டும். ஆண்டுதோறும் படுத்தார்கள். அதில் பாராட்டத்தக்கது எதையும் நான் கண்டதில்லை.

"அது வேலை, கலை அல்ல," என்றேன் மனைவியிடம். "விதியைப் படித்தாயா?"

"படிச்சேன். அதுல ரெண்டு எடத்துல கமா ஜாஸ்தி."

"படுத்ததும் விளக்கை அணைத்துவிடுகிறோம். இருட்டில் கிடப்பதை யார் கண்டு மகிழ்வது?"

"யாருமே பாக்காம நடக்குதுல்ல, அதாங்க கலை. ஒரு தடவையாவது சண்டை வந்திருக்கா? யாராவது தூக்கம் வரலைனு சொல்லியிருக்காங்களா?" பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "இத்தன வருஷமா நீங்க மேடையில ஒக்காந்திருக்கீங்க, நான் கீழ ஒக்காந்து பாத்துட்டிருக்கேன். ஒரு தடவ நானும் ஏறணும். இதுல எனக்கு ஈடா இந்தத் தெருவுல ஆள் இல்ல. அது எனக்குத் தெரியும்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுத்தால் வீட்டில் நியாயம் இல்லை. அனுமதித்தால் தெருவில் என் பெயர் இல்லை. வேறொரு நடுவரை நியமித்துவிடலாமா என்று செயலாளர் கேட்டார். மனைவியின் பெயர் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தவன் என்ற பேச்சுக்கு இடங்கொடுக்க நான் விரும்பவில்லை. "அப்ப ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லிடுங்க சார். பாக்காம தள்ளுனா நல்லா இருக்காது," என்றார். அது முறையான யோசனையாக இருந்ததால் ஏற்றுக்கொண்டேன்.

தீபத்தன்று பிற்பகல் விருந்தாளிகளெல்லாம் கோயில் பக்கம் போயிருந்தார்கள். மலையில் தீபம் ஏறியபின் கூட்டத்துக்கு நடுவில் பாய் விரிக்க முடியாதென்பதால் என் மனைவி முன்கூட்டியே இடம் பிடித்துவிடுவார். செயலாளரும் நானும் வாசற்படியில் நின்றோம். மனைவி பாய்களையும் ஜமுக்காளங்களையும் விரித்துக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டேன்.

"வாசக் கதவோரம் எங்க சித்தப்பா. விடியறதுக்கு முன்னால கிரிவலம் கெளம்பிடுவாரு. உள்ள படுத்தா நாலு பேர் கால மிதிச்சுட்டுதான் போவாரு. சுகர் இருக்கிற பெரியம்மா பாத்ரூம் பக்கம். பசங்களுக்குத் தலைமாட்டுல பிளக் பாயின்ட் இருக்கணும், இல்லனா ராத்திரி பூரா சார்ஜருக்கு அலைவாங்க. ஆரணி மாமா குறட்டை விடுவாரு, அவரு பக்கத்துல அத்தை."

"அத்தையை ஏன் அங்கே போட்டாய்? பாவம்!"

"காது மெஷினக் கழட்டிட்டுதான் அவங்க படுப்பாங்க."

செயலாளர் கைதட்டிவிட்டார். நடுவர் அருகில் இருக்கும்போது கைதட்டலாகாது என்று அவருக்கு நினைவூட்டினேன். பிறகு மனைவி கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு மெத்தையை விரித்து என் தலையணையை வைத்தார். ஆண்டுதோறும் நான் படுக்கும் இடம் அது. அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை என்றுதான் எண்ணினேன். குடும்பத் தலைவனுக்கு உரிய இடம் அது என்பது வெளிப்படை. ஆயினும் நடுவர் எதையும் விட்டுவிடக் கூடாதல்லவா? கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கினார். "சொல்லியே ஆகணுமா?"

"விதிப்படி சொல்ல வேண்டும்."

"இந்தப் பக்கம் எங்க அண்ணன். அந்தப் பக்கம் உங்க தங்கச்சி வீட்டுக்காரரு. நம்ம நிச்சயதார்த்தத்துல தாம்பூலத் தட்டை யாரு மொதல்ல வாங்கறதுனு வந்த தகராறுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. ஆனா தீபத்துக்கு ரெண்டு பேருமே வருவாங்க. வேற எடமும் இல்ல. அதனால நடுவுல நீங்க."

"நான் எதற்கு?"

"செவுரு மாதிரி. நீங்க நடுவுல இருந்தா ரெண்டு பேருமே வாயத் தொறக்க மாட்டாங்க. தொறந்தா நீங்க பல்லவர் காலத்துலேருந்து ஆரம்பிச்சுடுவீங்கனு பயம்."

"அப்படியானால் மின்விசிறி?"

"நீங்க எழுந்து வேற எடம் போயிடக் கூடாதுல்ல, அதுக்குதாங்க."

செயலாளர் மலை தெரிகிறதா என்று பார்ப்பவரைப்போல வெளியே திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. நான் குறிப்பு எழுதி முடித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லி மாடிக்குப் போனேன்.

அன்று மாலை தீபம் பார்க்க எல்லோரும் மொட்டை மாடியில் நின்றோம். யாரும் நிறுத்தாமலே மைத்துனர் எனக்கு வலப்பக்கமும் தங்கை கணவர் இடப்பக்கமும் வந்து நின்றார்கள். நான் முதன்முறையாக அதைக் கவனித்தேன்.

"மாப்ளே, அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க, மலை மறைக்குது," என்றார் மைத்துனர்.

"மச்சான், மலை எல்லாருக்கும் பொதுனு சொல்லுங்க அவருகிட்ட," என்றார் மற்றவர்.

இருவரும் மிகத் தெளிவாகக் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நான் அப்படியே சொன்னேன். உச்சியில் சுடர் எழுந்தது. ஊரே அரோகரா என்றது. இருவரும் என் தோளுக்கு மேலாக ஒரே திசையில் கைகுவித்தார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றிருந்த என் மனைவி மலையைப் பார்க்கவில்லை. எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தி முடித்த விடைத்தாளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அன்றிரவு வீட்டில் அனைவரும் நன்றாகத் தூங்கினார்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

மறுநாள் விதியில் ஒரு திருத்தம் செய்து கொடுத்தேன். "கண்டு மகிழும் பொருட்டு" என்பதை, "கண்டோ காணாமலோ பயன்பெறும் பொருட்டு" என்று மாற்றினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் தீர்ப்பை வாசித்தேன். மூலை வீட்டு அம்மையாரின் மருதாணி, ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கோடு அறுபடாமல் தொடர்ந்தது. அதில் குறை காண இயலவில்லை. என் மனைவியின் கலையிலும் செய்முறைக் குறை இல்லை. ஆனால் நடுவரை, அவருடைய இசைவு பெறாமல், படைப்பின் மூலப்பொருளாகப் பயன்படுத்தியதற்காக மதிப்பெண் குறைத்தேன். காரணத்தை ஒலிபெருக்கியிலேயே சொன்னேன். கூட்டம் சிரித்தது. தீர்ப்பை அது பாதிக்கவில்லை.

என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையேறினார். படியில் ஒருமுறை நின்று, கீழே தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். நான் பரிசாக ஹாட்பாக்ஸை நீட்டினேன். அதை வாங்கும்போது மெதுவாக, "மார்க் கம்மி பண்ணதை வீட்டுல பேசிக்கலாம். இப்ப நேரா நில்லுங்க, போட்டோ எடுக்கறாங்க," என்றார். படம் நன்றாக வந்திருக்கிறது. கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

முதல் பரிசை என் வீட்டுக்கே எடுத்துக்கொண்டேன் என்றும், உண்மை தெரிந்தபின் படுக்கையை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டேன் என்றும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதிவருகிறார்கள். இரண்டும் தவறு. முதல் பரிசு மூலை வீட்டுக்குச் சென்றது. என் மனைவி பெற்றது இரண்டாம் பரிசு. பொங்கலுக்கு மைத்துனரும் தங்கை கணவரும் மறுபடி வந்திருந்தார்கள். நான் நடுக்கூடத்தில்தான் படுத்தேன்.