தனபாக்கியம் குடித்த கூழ்

தனபாக்கியம் இறந்த அன்று அவள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் 'நான் அங்கே இல்லை' என்று சொல்லக் கூடாது. தனபாக்கியத்தின் மகள் கலா, மருமகன் முருகன், தம்பி ஜெகன், எதிர்வீட்டு ரோசி, தனபாக்கியத்தோடு வேலை பார்த்த நான். ஆவடி மார்க்கெட்டில் தனபாக்கியத்துக்காக முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் கலாவின் போன் வந்தது. கீரையோடுதான் பருத்திப்பட்டுக்குப் போய் நின்றேன். தலைமாட்டில் விளக்கேற்றி முடிக்கவில்லை, அதற்குள் ஜெகன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "நான் வாங்கியாந்த பவுடர குடிச்சிருந்தா எங்கக்கா பொழச்சிருக்கும். திமிரு, குடிக்கல."

அன்று நான் அவனை மறுக்காமல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். பதினாறாம் நாள் நினைவுத்தாளுக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி கலா கேட்டாள். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் எங்களோடு பேக்கிங்கில் நின்றவர்கள் எல்லாரும் இதைப் படிப்பீர்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் நடந்தது எதுவும் எனக்கு மறக்காது.

அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றதும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து ஏற்ற நானும் அவளும் ஆஸ்பத்திரிக்கு ரயிலேறிப் போவோம். உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்து அது, குடலில் வாழும் கிருமிகளுக்கும் அதில் பங்கு இருப்பதாகத் தெரிகிறது என்றார் டாக்டர். உடனே இவள் கேட்டாள்: "அப்போ என் வயித்துல கீறதுங்க எல்லாம் என் கட்சிதானே டாக்டர்?" டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கட்சிக்குக் கீரை, பருப்பு, கேழ்வரகு போடுங்க. கடையில விக்கிற நல்ல கிருமிப் பவுடர் மட்டும் வேணாம். அது உதவும்னு நிரூபணம் இல்ல. மருந்தோட பலனைக் குறைக்குமோன்னு ஒரு சந்தேகமும் இருக்கு."

அடுத்த வாரமே ஜெகன் அந்தப் பவுடர் டப்பா ஒன்றோடு வந்தான். "என் வயித்துல ஆள் குடி வைக்கணும்னா என்னக் கேட்டுட்டு வை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். தினமும் அவளுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுக்கும் என்னை அவன் தெருமுனையில் பிடித்தான். "மல்லிகாக்கா, டாக்டருங்க அப்டிதான் சொல்வாங்க. கூழுல கலந்து குடு. அது செத்துப்போனா நீ தாங்குவியா?"

கலந்தேன். எட்டு நாள், ஜெகனுக்கும் அது தெரியும்.

ஒன்பதாம் நாள் டம்ளரை முகர்ந்து பார்த்தாள். "இன்னாடி மல்லிகா, கூழுல ஆரஞ்சு மிட்டாய் வாசனை வருது?" ஜெகன் சொல்லி எட்டு நாள் கலந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் கூழை வாசலில் ஊற்றினாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த முறை டாக்டரிடம், "எட்டு நாள் அந்தப் பவுடர குடிச்சிட்டேன், நாந்தான்" என்றாள். என் பெயரை இழுக்கவில்லை.

பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. அதனால்தானா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "யாராலயும் சொல்ல முடியாதும்மா. இந்த மருந்து எல்லாருக்கும் கேக்கறதில்ல" என்றார். அந்தப் பதிலோடுதான் இன்றைக்கும் தூங்கி எழுகிறேன்.

ரயிலில் திரும்பும்போது அவள் சொன்னாள்: "அழாத. நீ பயந்து கலந்த. பயந்தவ மேல எனக்குக் கோவம் வராது. அவன் ஜெயிக்கப் பாக்குறான், அதான் வித்தியாசம்."

கேட்டுக்கொள்ளுங்கள். தனபாக்கியம் திமிரால் சாகவில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னது டாக்டர் சொல்லித்தான். அதையும் மீறி அந்தப் பவுடர் அவள் வயிற்றுக்குள் போனது. போட்டவள் நான், போடச் சொன்னவன் அவன். குடிக்காமல் செத்தாள் என்று இனி ஒருவரும் பேசக் கூடாது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: ஒருவர் வாய்க்குப் போவதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் இப்போது டம்ளரை நீட்டுகிறேன்.

அவள் என்னை மன்னித்தாள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. எட்டு நாள் குடித்தாள் என்று தெரிந்திருந்தும், பிணத்தின் தலைமாட்டில் நின்று 'குடிக்கல' என்று சொன்னவனை நான் மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் ஜெகன்.