மஞ்சள் வைத்த பிளான்

எங்கள் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். எந்த பிளான் எத்தனையாவது திருத்தத்தில் இருக்கிறது, யாருக்குப் போனது, யார் திறந்து பார்த்தார் என்று எல்லாவற்றையும் அது சொல்லும். பச்சை என்றால் முடிந்தது, சிவப்பு என்றால் பாக்கி. அதைச் சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் வகுப்பெடுத்தார். எங்கள் பாஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. பீச் பக்கத்துத் தெருவில் ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, கட்டடமே அந்தத் திரைக்குள்தான் எழும்புகிறது என்று நம்பினோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

அப்போது வீராம்பட்டினம் போகும் வழியில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வரைந்த முதல் பிளானை அம்மன் காலடியில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துவந்தார். மேஸ்திரி அதை லேமினேட் செய்து சிமென்ட் ஷெட்டில் மாட்டினார். தினமும் அதற்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் கரண்டியைக் கையில் எடுப்பார்.

அஸ்திவாரம் முடிந்த சமயத்தில் வீட்டுக்காரரின் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார்.

“மத்ததுக்கெல்லாம் நான் இருக்கேம்மா. பாத்ரூமுக்கு மட்டும் தானா போய் வரணும்னு அழுவுறா” என்று அவர் அலுவலகத்துக்கே வந்து சொன்னார்.

இரண்டரை அடிக் கதவை அன்றைக்கே மூன்றடியாக மாற்றி அனுப்பினேன். மேஸ்திரி போனில் திறந்து பார்த்தார். திரையில் பச்சை விழுந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் பாஸ் அந்தப் பச்சையைக் காட்டி என்னைப் பாராட்டினார். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

இடையில் ஒரு தடவை சைட்டுக்குப் போனபோது பழைய பிளான் ஷெட்டில் அப்படியே தொங்கியது. கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன். ஐந்து வருஷம் கட்டடக்கலை படித்தவள் செய்த காரியம் அது.

பூச்சு வேலை முடிந்ததும் அந்த அம்மாளை அழைத்துவந்தார்கள். வலது கையால் சக்கரத்தைத் தள்ளி, வலது காலால் தரையை உந்திக்கொண்டு அவரே போனார். பாத்ரூம் வாசலில் நாற்காலி இரண்டு பக்கமும் இடித்து நின்றது. பின்னால் வந்து மறுபடி போனார். விரல் முட்டி சிராய்த்ததுதான் மிச்சம்.

“மூணடின்னு அனுப்பியிருந்தேனே மேஸ்திரி?”

“பாத்தேன் மேடம். போன்ல வர்றது வாரத்துக்கு ஒண்ணு மாறுது. பூசையில வெச்சத எப்பிடி மாத்துறது?”

இடிக்கச் சொல்ல வீட்டுக்காரருக்கும் பயம். நான் பாஸுக்குப் போன் செய்தேன்.

“சிஸ்டத்துல பச்சையாத்தான இருக்கு? நம்ம மேல தப்பில்ல” என்றார்.

அந்தப் போனைச் சாந்துத் தொட்டியில் எறியலாம் போல் ஆத்திரம் வந்தது. அவரைவிட என் மேல்தான் அதிக ஆத்திரம்.

அந்த அம்மாள் புது பிளானைக் கேட்டார். பையிலிருந்து எடுத்து அவர் மடியில் விரித்தேன். தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டு, நான் காட்டிய பாத்ரூம் கதவின் மேல் அழுத்தி வைத்தார். வாய் கோணியபடிதான் பேச்சு வந்தது.

“இப்ப இதும் பூசையில வெச்சதுதான். இடி.”

மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டு சுத்தியலை எடுத்தார். சென்னை ஆள் இரண்டு நாள் வகுப்பெடுத்தும் எங்களுக்கு வராத வேலை அது.

பத்து நாள் கழித்துப் புதுக் கதவு மாட்டியதும் நாங்கள் எல்லோரும் கூடத்தில் நின்றோம். அந்த அம்மாள் ஒரே தள்ளில் உள்ளே போனார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.