உதிராத பொட்டு

கார்புரேட்டரிலிருந்து உருவிய பெட்ரோல் குழாயைக் காலி டீ கிளாசுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு, "ஒரு செல்ஃப் அடி" என்கிறார் கொளஞ்சியப்பன். வண்டிக்காரர் சாவியைத் திருப்புகிறார். பால் கறக்கிற மாதிரி விட்டுவிட்டுப் பெட்ரோல் பீச்சியடிக்க வேண்டும். சோம்பலாக ஒழுகினால் பம்பில் கோளாறு. நுரைத்துக்கொண்டு வந்தால் குழாய் எங்கோ காற்று இழுக்கிறது. சொட்டே வராவிட்டால் அவர் டேங்க் பக்கம் நடப்பார். இதைப் பார்க்காமல் பானெட்டுக்குள் கையை விடுகிற மெக்கானிக்கை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை.

"வண்டி நிக்குதுன்னு போனா, இன்னா ஏதுன்னு கேக்காம பம்ப மாத்திட்றான். அப்பவும் நின்னா கார்புரேட்டர மாத்திட்றான். வவுத்து வலின்னு போனவனுக்குப் பல்லப் புடுங்கி அனுப்புற ஆளுங்க! பாத்துட்டுப் பேசணும், தொட்டுட்டுச் சொல்லணும்." சங்கராபுரத்தில் கள்ளக்குறிச்சி சாலையோரம் இருக்கிற அவருடைய தகரக் கொட்டகைக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்ற எல்லாருக்கும் இந்தப் பேச்சு மனப்பாடம். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக டாக்டர் சொன்னார். டாக்டர் கையைப் பிடித்துப் பார்க்காமலே சொல்லிவிட்டார் என்று அவரிடமும் சண்டை.

வலது கட்டைவிரல் நுனி அவருக்கு இரண்டு துண்டு. வாலிபத்தில் ஃபேன் பெல்ட்டில் மாட்டிப் பிளந்தது சேர்ந்துவிட்டாலும் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் தங்கிவிட்டது. அந்த விரலில்தான் பெட்ரோலைத் தொட்டு முகர்ந்து, வாயால் ஊதுவார். நல்ல பெட்ரோல் ஜில்லென்று காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பிசுபிசுப்பு போகாது. கலப்பட வண்டி வந்தால் அன்று முழுக்க அவர் பக்கம் யாரும் போக முடியாது.

ஆயுத பூஜையன்று வண்டிகளுக்குப் பொட்டு வைப்பதும் அதே விரல்தான். ஸ்டியரிங்கில் ஒன்று, பானெட்டில் ஒன்று, பெட்ரோல் மூடியில் ஒன்று. மற்ற கொட்டகைகளில் வைத்த பொட்டு மூன்றாம் நாளே பொருக்கு விட்டு உதிர்ந்துவிடும். இவர் சந்தனத்தில் சினிமா போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசையைக் கொஞ்சம் சேர்த்துக் குழைப்பார். மழையில் நனைந்தாலும் அசையாது. "அடுத்த பூசைக்குச் சொரண்டித்தான் எடுக்கணும்" என்பார். சுரண்டியும் காட்டுவார். அவ்வளவு பெருமை.

போன கார்த்திகையில் அவர் கோபத்துக்குத் தீனியாக ஒரு சேதி வந்தது. அரிசி ஆலை பொன்னுரங்கம் வைத்திருக்கும் பழைய அம்பாசிடர், ஒரு மாதமாக மலைச் சவாரிக்குப் போகும்போதெல்லாம் பாதி ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. கள்ளக்குறிச்சியில் யாரோ பம்ப் மாற்றினார், கார்புரேட்டரும் மாற்றினார். அப்படியும் நின்றது. பொன்னுரங்கத்துக்குச் சந்தேகம் டிரைவர் மேல் திரும்பியது. டிரைவர் வேடியப்பன் கரியாலூர்க்காரர். பதினோரு வருடமாக அந்த வண்டியைத் தன் வீட்டு மாடு போலப் பார்த்துக்கொள்கிறவர். பொன்னுரங்கம் டீக்கடையில் வைத்துக் கொளஞ்சியப்பனைக் கேட்டார்: "பெட்ரோல வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்துனா இப்படி நிக்குமா?"

"நிக்காம? அதான் வேல. இந்தப் பசங்கள நம்பிக்கினு வண்டி வெச்சிருக்கீங்களே!" என்று சொல்லிவிட்டார் கொளஞ்சியப்பன். முந்தின நாள்தான் ஒரு வேனில் மண்ணெண்ணெய் கலந்திருந்ததைக் கண்டுபிடித்திருந்தார். அந்தச் சூடு ஆறவில்லை. வண்டியைப் பார்க்கவில்லை, தொடவில்லை. டீ ஆறுவதற்குள் ஒரு மனிதனைத் திருடனாக்கிவிட்டு எழுந்து போனார். அன்று சாயங்காலமே பொன்னுரங்கம் வேடியப்பனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். காலையில் போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாகவும் சொன்னார்.

காலையில் வேடியப்பன் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை. "அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதான் அவரு நம்பிட்டாரு. நீங்க மோந்து பாத்தீங்களா?"

கொளஞ்சியப்பன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் ஊரெல்லாம் கேட்கிற கேள்வி அது. அவரை யாரும் கேட்டதில்லை. சுருக்கென்று தைத்தது. தைத்ததும் வழக்கம்போலக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவதென்று தெரியாமல், "வாய மூடிக்கினு வா எம் பின்னால" என்று ஆலைக்கு நடந்தார்.

"மலையேத்திப் பாக்கணும், சாவியக் குடுங்க. அவன்தான் ஓட்டணும்" என்றார்.

"திருடுனவன் கையிலயேவா?" என்றார் பொன்னுரங்கம்.

"பாத்துட்டு வந்து சொல்றேங்க. அதுவரைக்கும் எங்கியும் போவாதீங்க."

கச்சிராயபாளையம் தாண்டும் முன்பே வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, குழாயைக் கழற்றி ஒரு சொட்டு தொட்டு ஊதினார். விரல் ஜில்லென்றது. சுத்தமான பெட்ரோல். வேடியப்பன் அவர் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்தார். அது போதாதென்று மலையில் நாலாவது வளைவில் வண்டி இருமிக்கொண்டே நின்றது.

குழாயை உருவினார், கிளாசை வைத்தார். "செல்ஃப்!" கிளாசில் சொட்டு விழவில்லை. புது பம்ப் வெறுமனே அடித்துக்கொண்டது. டேங்க் பக்கம் நடந்து மூடியைத் திருகினார். உஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, "இப்ப அடி" என்றார். பெட்ரோல் கிளாசின் விளிம்பைத் தாண்டிப் பீச்சியது.

விஷயம் புரிந்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர மூடியில் ஒரு துளை உண்டு. அது அடைபட்டால் டேங்க் தன் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எத்தனை பம்ப் மாற்றினாலும் வராது. ஏற்றத்தில் வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்கும்போது நின்றுவிடும், அரைமணியில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் கிளம்பும். இந்த வண்டியின் பழைய மூடி ஆடி மாதம் தொலைந்து, கழித்துப் போட்ட வேறொரு காரின் மூடியைப் போட்டிருந்தார்கள். அதில் துளை நட்டநடுவில், குண்டூசி முனையளவு.

"அறிவிருக்குதா? மூச்சு உட்ற ஓட்டைய அடைச்சி வெச்சிக்கினு... எந்த மடப்பய வேல இது?" அவர் குரல் பள்ளத்தாக்கில் எதிரொலித்து அடங்கியது. மூடியை வெயிலுக்குத் திருப்பினார். நடுவில் மஞ்சளாகக் காய்ந்த சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஒரு கீறல், ஒரு பொருக்கு இல்லை. பொட்டின் நடுவில் நீளமாக ஒரு மேடு.

வேடியப்பனும் எட்டிப் பார்த்தார். பார்வை மூடியிலிருந்து கொளஞ்சியப்பனின் விரலுக்குப் போயிற்று. பிறகு வேடியப்பன்தான் மெதுவாக, "ஊசி இருக்குதுண்ணே. குத்தி உட்டா போதும், மூடிட்டுப் போயிடலாம். யாருக்குத் தெரியப்போவுது" என்றார்.

"தொடாத" என்றார் கொளஞ்சியப்பன். மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டேங்கின் வாயில் துணியைத் தளர்வாகச் செருகினார். இறங்கி வரும் வழியெல்லாம் அவர் யாரையும் திட்டவில்லை. எதிரே லாரிக்காரன் ஒருவன் தப்பான பக்கத்தில் வந்தபோதுகூட.

ஆலையில் பொன்னுரங்கம் நாற்காலியை விட்டு எழாமலே கேட்டார்: "இன்னாப்பா, மண்ணெண்ணெய்தானே?"

"சுத்தமான பெட்ரோலுங்க. மூடியில காத்து போற ஓட்ட அடைஞ்சிருக்குது. அதான் நிக்குது."

"அடைச்சது யாரு? இவன்தானே?"

வேடியப்பன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். கொளஞ்சியப்பன் மூடியை எடுத்து மேசைமேல், பொன்னுரங்கத்தின் கண்ணுக்கு நேராக வைத்தார். பிளந்த கட்டைவிரலை அந்தப் பொட்டின் மேல் வைத்தார். மேடு பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்தது. பொன்னுரங்கம் குனிந்து பார்க்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.