கரையில் வைக்காத பைப்

எங்கள் தெரு அடையாற்றை நோக்கி இறங்கும். கடைசிப் பள்ளத்தில் ஆற்றோரக் குடிசைகள். ஆறு பொங்கினால் தண்ணீர் முதலில் அங்கே நுழையும், பிறகு மேடேறி எங்கள் அடுக்குமாடியின் கார்கள் நிற்கும் இடத்துக்கு வரும். ஒரு மழையில் என் காரும் போயிற்று. அப்போது குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தெருமுனையில் நெஞ்சுயரத்துக்கு மண்கரை போட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம். குடிசைக்காரர்களைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டியவர் அந்தக் குடிசைகளில் இருந்தவர்தான். மண்வேலையில் கெட்டிக்காரர். களிமண்ணை ஒரு சாண் கொட்டி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து இறுக்கி, அதன்மேல் இன்னொரு சாண். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

"சார், நடுவுல ஒரு பைப்பு வெச்சிரலாமா? எங்காண்ட தண்ணி நின்னுக்கினா உங்க தெருக் கால்வாய்ல வடிஞ்சிரும்."

வடிந்தால் எங்கள் பக்கம் வரும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "வேண்டாம்ப்பா, பெருச்சாளி வரும்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. போய் வேலையை முடித்தார். கரைமேல் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி, சூடம் ஏற்றிக் கும்பிட்டதும் அவர்தான்.

ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. ஒரு காலை, கரைக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் மண்வெட்டியோடு நின்று கூப்பிட்டார்.

"ஒரு முழம் வெட்டி வுட்டுக்கிறேன் சார். உங்களாண்ட கணுக்கால் தண்ணிதான் வரும். ஊட்டு செவுரு ஊறிக்கினு கீது."

"நான் மட்டும் சொல்ல முடியாதுப்பா, மெம்பர்ஸைக் கேக்கணும்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பார்த்தார்கள். ஒருவர் கும்பிடும் கை அனுப்பினார். மண்வெட்டி தண்ணீரில் நின்றவர் கையில்தான் இருந்தது, ஆனாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் அவர் பின்னால் சுவர் சரிந்தது. எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனி வெட்டட்டுமா என்று கேட்க மாட்டார் என்பதுதான். வெட்கங்கெட்டவன் நான்.

பிறகு அரசாங்கத்தில் அத்தனை குடிசைகளையும் காலி செய்து, அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மழைக்கு முன் கரையில் வெடிப்பு. வேறு ஆள் கிடைக்காமல் அவரையே கூப்பிட்டேன். இரண்டு பஸ் மாறி வந்தார். அவர் மண் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"வேணும்னா இப்ப அந்தப் பைப்பை வெச்சுடுப்பா" என்றேன்.

அவர் நிமிரவில்லை. வெடிப்பில் மண்ணை அப்பிக்கொண்டே சொன்னார்:

"வேணாம் சார். பெருச்சாளி வரும்."